தாத்தாவின் சக்கரமும் ஐரோப்பாவின் யூரோவும்

பல்கேரியா 2026 ஜனவரி 1 அன்று தன் லெவ்வை விட்டுவிட்டு யூரோவுக்கு மாறியது. யூரோ வைத்திருக்கும் நாடுகளில் அது இருபத்தோராவது. எங்கள் வடாலா கிளையில் மத்தியானம் டப்பா திறந்த நேரத்தில் இந்தப் பேச்சு வந்தது. கூட வேலை பார்க்கும் மராத்தி நண்பர் கேட்டார்: "நேபாளம், பங்களாதேஷ், ஸ்ரீலங்கா, நாம் எல்லாரும் சேர்ந்து ஒரே கரன்சி வைத்துக்கொண்டால் என்ன? வாஜ்பாயே சொன்னாரே!"

சொன்னார்தான். 2003 டிசம்பரில் தெற்காசியாவுக்கு ஒரு பொது நாணயம் பற்றி வாஜ்பாய் பேசினார். அப்போது யூரோ நோட்டுகள் கைக்கு வந்து இரண்டு வருஷம்கூட ஆகவில்லை. உலகமே அசந்து போய்ப் பார்த்துக்கொண்டிருந்த நேரம். ஆனால் டப்பாவை மூடுவதற்குள் சொல்லி முடிக்கக்கூடிய பதில் இல்லை இது. அதனால் இங்கே எழுதுகிறேன்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுவோம். வெளிநாட்டிலிருந்து வீட்டுக்குப் பணம் அனுப்புகிறவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. வாங்கும்போது ஒரு ரேட், விற்கும்போது ஒரு ரேட், நடுவில் எங்களைப் போன்ற வங்கிக்காரர்களின் பிழைப்பு :-) ஒரே நாணயம் என்றால் அந்தச் செலவு போச்சு. வியாபாரி ஆறு மாதம் கழித்து வரப்போகிற பணத்தின் மதிப்பு என்ன ஆகுமோ என்று பயப்பட வேண்டாம். சின்ன நாட்டுக்குப் பெரிய நாட்டின் நம்பிக்கை இரவலாகக் கிடைக்கும், வட்டியும் குறையும். இதெல்லாம் நிஜமான லாபம்.

விலை என்ன என்பதுதான் கேள்வி. அதைப் புரிந்துகொள்ள எனக்கு ஐரோப்பா தேவைப்படவில்லை. எங்கள் ஊரே போதும்.

நான் நாகர்கோவில்காரன். 1956 நவம்பர் 1-ல் தமிழ்நாட்டோடு சேரும்வரை எங்கள் பக்கம் திருவிதாங்கூர். திருவிதாங்கூருக்கென்று தனி நாணயம் இருந்தது. 16 காசு ஒரு சக்கரம், 4 சக்கரம் ஒரு பணம், 7 பணம் ஒரு திருவிதாங்கூர் ரூபாய். பிரிட்டிஷ் இந்திய ரூபாய் ஒன்றுக்கு 28½ சக்கரம். அந்த அரை சக்கரத்தில் எத்தனை தகராறு நடந்திருக்குமோ! பொடிப் பொடி நாணயங்களை எண்ணுவதற்குக் குழி போட்ட மரப்பலகை இருந்தது, சக்கரப் பலகை என்று பெயர். காசைக் கொட்டி ஆட்டி வழித்தால் குழிக்கு ஒன்றாக உட்கார்ந்துவிடும். அந்தக் காலத்து நோட்டு எண்ணும் மெஷின். 1949-ல் திருவிதாங்கூர் கொச்சியோடு இணைந்த பிறகு சக்கரமும் பணமும் போய், இந்திய ரூபாய் மட்டும் நின்றது. சக்கரத்தில் கூலி வாங்கியவர் என் தாத்தா. அவர் சாகும்வரை சில்லறையை "சக்கரம்" என்றுதான் சொன்னார்.

ஆக, ஒரு நாடு தன் நாணயத்தை விட்டுக்கொடுத்துப் பொது நாணயத்துக்கு வந்த கதை எங்கள் வீட்டுக் கதை. அதனால் என்ன ஆயிற்று?

எங்கள் வடசேரிப் பக்கம் கைத்தறி பிரபலம். நான் சின்னப் பையனாக இருந்தபோது தெருவில் நடந்தால் தறிச் சத்தம் கேட்கும். பிறகு விசைத்தறித் துணி வந்து குவிந்தது. ஈரோட்டிலிருந்து வந்தது, மும்பை பக்கத்து பிவண்டியிலிருந்தும் வந்தது. ஒவ்வொரு வீடாகச் சத்தம் நின்றது. நாகர்கோவிலுக்குச் சக்கரம் இன்னும் இருந்து, அது ரூபாயோடு கட்டிப்போடப்படாமலும் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? சக்கரத்தின் மதிப்பு இறங்கியிருக்கும். எங்கள் வேட்டி மும்பைக்காரனுக்கு மலிவாகியிருக்கும். தறி இன்னும் கொஞ்ச வருஷம் ஓடியிருக்கலாம். (சும்மா இல்லை. மண்ணெண்ணெயும் அரிசியும் எங்களுக்கு விலை ஏறியிருக்கும். அப்பா சேர்த்து வைத்த பணமும் இளைத்திருக்கும்.)

பொது ரூபாயில் அது நடக்காது. நாகர்கோவில் ரூபாய் தனியாக இறங்க முடியாது. பணம் வளையாவிட்டால் மனிதன் வளைய வேண்டும். ஒன்று கூலி குறைய வேண்டும், அல்லது ஆள் கிளம்ப வேண்டும். கிளம்பினோம். நாகர்கோவில் எக்ஸ்பிரஸ் எங்களுக்காகவே விட்ட ரயில் மாதிரி இருக்கும். எங்களுக்கு முன்னாலேயே திருநெல்வேலிப் பக்கத்துச் சனம் தாராவிக்கு வந்து தோல் பதனிடும் வேலை பார்த்தது. எங்கள் தலைமுறை பி.காம் முடித்துப் பரீட்சை எழுதி வடாலாவில் கவுண்டருக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கிறது.

1961-ல் ராபர்ட் மண்டெல் என்ற பொருளாதார நிபுணர் இதைத்தான் எழுதினார். எந்தப் பகுதிக்குள் தொழிலாளர்கள் தாராளமாக இடம் மாறிப் போக முடியுமோ, அந்தப் பகுதிதான் ஒரே நாணயம் வைத்துக்கொள்ளத் தோதானது என்றார். 1999-ல் அவருக்கு நோபல் கிடைத்தது. புத்தகத்தில் இதற்குத் தொழிலாளர் இடப்பெயர்ச்சி என்று பெயர். எங்கள் அம்மா போனில் கேட்பது வேறு: "மக்கா, பொங்கலுக்காவது வருவியா?"

ஆள் கிளம்புவது ஒரு பாதி. மறுபாதி, பொது கஜானா. வசதியான மாநிலத்து வரிப்பணம் வசதியில்லாத மாநிலத்துக்குப் போகிறது. 2021-26 காலத்துக்கான 15-வது நிதிக்குழுவின் பங்கீட்டில் மாநிலங்களுக்கான வரிப்பணத்தில் உத்தரப் பிரதேசத்துக்குச் சுமார் 17.9%, பீகாருக்குச் சுமார் 10%, மகாராஷ்டிராவுக்கு 6.3%, தமிழ்நாட்டுக்கு 4.1%. "நாம் கொடுப்பது அதிகம், வாங்குவது கம்மி" என்று தமிழ்நாடு சண்டை போடுகிறது. சண்டை நியாயம்தான், நானும் போடுவேன். ஆனால் அந்தச் சண்டை போட ஒரு நாடாளுமன்றம் இருக்கிறது பாருங்கள், அதுதான் முக்கியம். ஐரோப்பிய யூனியனின் பட்ஜெட் உறுப்பு நாடுகளின் மொத்த வருமானத்தில் ஏறக்குறைய 1%தான். நாணயம் ஒன்று, கஜானா வெவ்வேறு.

கிரீஸ் மாட்டிக்கொண்டது அங்கேதான். 2001-ல் யூரோவுக்குள் வந்தது, மலிவு வட்டியில் கடன் வாங்கித் தள்ளியது, 2010-ல் கையேந்தியது. டிராக்மா இருந்திருந்தால் அதன் மதிப்பு சரிந்து, ஏற்றுமதியும் டூரிசமும் கொஞ்சம் தாங்கிப் பிடித்திருக்கும். அது இல்லாததால் சம்பளமும் பென்ஷனும் வெட்டப்பட்டன. 2013-ல் வேலையில்லாதவர்கள் 27 சதவீதத்தைத் தாண்டினார்கள். 2015-ல் வங்கிகளை மூன்று வாரம் மூடினார்கள், ஏ.டி.எம்.மில் ஒரு நாளைக்கு 60 யூரோ. படித்த பிள்ளைகள் ஜெர்மனிக்குப் போனார்கள். அவர்களுடைய நாகர்கோவில் எக்ஸ்பிரஸ் அது. ஆனால் இறங்குகிற இடத்தில் வேறு பாஷை, வேறு நாடு.

வளைகுடா நண்பர்களுக்கு இன்னும் பக்கத்தில் ஒரு கதை இருக்கிறது. ஒரு காலத்தில் குவைத், பஹ்ரைன், கத்தார், துபாய் எல்லாம் நம் ரூபாயில்தான் புழங்கின. இங்கிருந்து கடத்திப் போன ரூபாய் நோட்டில் அங்கே தங்கம் வாங்குவார்கள். அந்த நோட்டுகள் பவுண்டு கேட்டு ரிசர்வ் வங்கிக்கே திரும்பி வரும். இதைத் தடுக்க 1959-ல் வளைகுடாவுக்கென்றே வேறு நிறத்தில், வரிசை எண்ணுக்கு முன்னால் இசட் எழுத்து போட்ட நோட்டுகளை அடித்தார்கள். அப்புறம் 1966 ஜூன் 6. டில்லியில் ஒரே முடிவில் டாலர் 4.76 ரூபாயிலிருந்து 7.50 ஆனது. துபாய்க்காரனையும் கத்தார்க்காரனையும் யார் கேட்டார்கள்? அவர்கள் பெட்டியில் இருந்த ரூபாய் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் இளைத்தது. குவைத் 1961-லும் பஹ்ரைன் 1965-லும் தினாருக்கு மாறித் தப்பித்திருந்தன. மற்றவர்களும் அந்த வருஷமே ரூபாயைக் கைவிட்டார்கள். ஓமன் மட்டும் 1970 வரை இழுத்தது. அதே வளைகுடா நாடுகள் பிற்பாடு 2010-க்குள் தங்களுக்குள் ஒரு பொது நாணயம் என்று திட்டம் போட்டன. ஓமன் 2006-ல் விலகியது, எமிரேட்ஸ் 2009-ல் விலகியது. சூடு கண்ட பூனைகள்.

"அப்படியானால் சொந்த நாணயம்தான் பாதுகாப்பா?" என்று கேட்டால், கொழும்பைப் பாருங்கள். 2022-ல் ஒரு டாலர் 200 ரூபாயிலிருந்து 360 ரூபாய் பக்கம் போனது. அந்த செப்டம்பரில் விலைவாசி உயர்வு 70 சதவீதத்தைத் தொட்டது. சம்பளக்காரர், பென்ஷன்காரர், சீட்டுப் போட்டவர் எல்லாரும் கண்ணெதிரே ஏழையானார்கள். நாணயத்தின் சாவி அரசாங்கத்தின் கையில் இருந்தது. அந்தச் சாவியாலேயே நோட்டடிக்கும் அறையைத் திறந்துகொண்டார்கள். அடிபட்டவர்களிடம் போய் "நாணயச் சுதந்திரம்" என்று பேச எனக்கு வாய் வராது.

நடுவழி ஒன்றும் உண்டு. எங்கள் கட்டிட வாட்ச்மேன் நேபாளத்துக்காரர். 1993-லிருந்து நம் 100 ரூபாய்க்கு அவர்கள் ரூபாய் 160 என்று கட்டி வைத்திருக்கிறார்கள். ஊருக்கு அனுப்பும் பணத்தைக் கணக்குப் போட அவருக்குக் கால்குலேட்டர் வேண்டாம். எல்லையில் விசா கிடையாது, வேலை இல்லாதவன் பஸ் ஏறி வந்துவிடலாம். ஆனால் நாணயம் அவர்களுடையது. தேவைப்பட்டால் அந்தக் கட்டை அவிழ்க்கலாம். நாணயத்தையே விட்டுக்கொடுத்தால் அவிழ்க்கக் கயிறே இருக்காது. பல்கேரியாவும் 1997-லிருந்து லெவ்வை முதலில் ஜெர்மன் மார்க்கோடும் பிறகு யூரோவோடும் கட்டித்தான் வைத்திருந்தது. இப்போது கயிற்றையும் கொடுத்துவிட்டது. பதிலுக்கு வட்டி முடிவெடுக்கும் மேஜையில் ஒரு நாற்காலி கிடைத்தது. நம் ரூபாயை வைத்திருந்த துபாய்க்கு அந்த நாற்காலியும் இல்லை.

இத்தனை வருஷம் கவுண்டரில் உட்கார்ந்து எனக்குப் பட்டது இதுதான். பொது நாணயம் கேட்கிற நாடு மூன்று கேள்வி கேட்க வேண்டும். நம் ஆட்கள் அங்கே தடையில்லாமல் போய்ப் பிழைக்கலாமா? நாம் விழுந்தால் தூக்கிவிடப் பொது கஜானா உண்டா? முடிவெடுக்கும் இடத்தில் நமக்கு ஓட்டு உண்டா? மூன்றுக்கும் ஆமாம் என்றால் தாராளமாகக் கொடுக்கலாம். சக்கரத்தை விட்டுக்கொடுத்த எங்கள் ஊருக்கு மூன்றும் கிடைத்தது, அதனால்தான் நான் புகார் சொல்லவில்லை. தெற்காசியாவில் இன்று இந்த மூன்றும் இல்லை. கொழும்புக்காரர் மும்பை வந்து வேலை பார்க்க விசா வேண்டும், டில்லி பட்ஜெட்டில் டாக்காவுக்குப் பங்கு கிடையாது. அப்படி இருக்கும்போது ஒரே நாணயம் என்றால் அது மற்றவர்களுக்கு 1966-தான்.

அரசியல்வாதிகள் நோட்டில் யார் படம் போடுவது என்று பேசுவார்கள். நீங்கள் ரயிலைப் பற்றிக் கேளுங்கள். கஷ்டகாலம் வந்தால் வண்டி ஏறப்போவது நம் பிள்ளைகள். இறங்குகிற ஸ்டேஷனில் அவர்களை உள்ளே விடுவார்களா என்று தெரிந்துகொண்டு கையெழுத்துப் போடட்டும்.