தொட்டுக்க என்ன இருக்கிறது?

சித்தையன்கோட்டை, ஞாயிறு இரவு

வெனிஸ் நகரத்தின் 'பாக்கரோ' என்னும் ஒயின் கடைகளைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் ஒயினில் தொடங்குவார்கள். எனக்கு முக்கியமாகப் படுவது அங்கே கண்ணாடிப் பெட்டிக்குள் அடுக்கியிருக்கும் சின்னத் தின்பண்டத் தட்டுகள்தான். 'சிக்கெத்தி' என்று அவற்றுக்குப் பெயர். ரியால்ட்டோ சந்தையை ஒட்டிய சந்துகளில், 1462 முதல் நடப்பதாகச் சொல்லப்படும் 'தோ மோரி' போன்ற கடைகளில், மீன் இறக்குகிறவரும் படகு தள்ளுகிறவரும் நின்றபடியே சிறு கிளாஸ் ஒயின் குடித்து, ஒன்றிரண்டு தட்டு தின்றுவிட்டு வேலைக்குத் திரும்பினார்கள். அதில் ஆடம்பரம் ஏதும் இல்லை. மத்தி மீனை மாவில் புரட்டிப் பொரித்து, வினிகரில் வதக்கிய வெங்காயம், உலர்திராட்சை, பைன் கொட்டை எல்லாம் சேர்த்து அடுக்கடுக்காக வைத்து, ஓரிரு நாள் ஊறவிட்டு எடுப்பார்கள். கப்பலில் போகிறவர்கள் மீன் கெடாமல் இருக்கக் கண்ட வழி அது. நார்வேயிலிருந்து வரும் காட் மீன் கருவாட்டை ஊறவைத்து, வேகவைத்து, எண்ணெய் விட்டுக் களிம்பாகும்வரை அடித்து ரொட்டியில் தடவுவார்கள். அவித்த முட்டையில் பாதி, கறி உருண்டை, மாட்டுக்கால் ஜவ்வு என்று மற்றதும் உழைப்பாளி சாப்பாடுதான். நம் திண்டுக்கல் பக்கத்துக் குடல் வறுவலும் ஈரலும் ரத்தப் பொரியலும் இதே வகைச் சாப்பாடு.

இந்தத் தட்டுகளைப் பற்றிச் சொல்லக் காரணம் உண்டு. ஒருவன் எவ்வளவு குடிக்கிறான் என்பதை அவன் மன உறுதி மட்டும் முடிவு செய்வதில்லை. கடை எந்த அளவில் விற்கிறது, கூடவே என்ன தின்னக் கொடுக்கிறது என்பவை அதைவிடப் பெரிய காரணங்கள். கணக்குப் போட்டே பார்க்கலாம். வெனிஸின் சிறு கிளாஸ் சுமார் 100 மில்லி. அதில் ஆல்கஹால் 11 மில்லி அளவுக்கு இருக்கும். நம்மூர் குவார்ட்டர் 180 மில்லி, 42.8 சதவீதம்; அதாவது 77 மில்லி ஆல்கஹால். ஏழு கிளாஸ் ஒயினை ஒரே பாட்டிலில் அடைத்துக் கையில் கொடுப்பதற்குச் சமம். பாட்டிலைத் திறந்தவன் பாதியை வீட்டுக்குக் கொண்டுபோவதில்லை, முடித்துவிட்டுத்தான் எழுந்திருக்கிறான்.

தமிழ்நாட்டில் 2003இல் மதுச் சில்லறை விற்பனை அரசு நிறுவனமான டாஸ்மாக் கைக்கு வந்தது. கடை சரக்கை விற்கிறது. பக்கத்துப் பாரை டெண்டரில் எடுத்தவர் தின்பண்டம் விற்கிறார், காலி பாட்டில் சேர்க்கிறார். குடிப்பவன் வெறும் வயிற்றோடு வந்தானா என்று கேட்கும் பொறுப்பு இரண்டு பேருக்கும் இல்லை. ஒரு பாக்கெட் மிக்சரும் நாலு ஊறுகாயும் சாப்பாடு ஆகாது.

திங்கள் இரவு

கள்ளைப் பற்றிச் சொல்லாமல் இந்தப் பேச்சு நிறைவு பெறாது. பாளையைச் சீவிக் கலயம் கட்டும்போது உள்ளே சுண்ணாம்பு தடவினால் பதநீர்; தடவாவிட்டால் கள். காலையில் இறக்கியது இனிப்பாக இருக்கும், சாயங்காலம் புளிக்கும், மறுநாள் காடியாகப் போய்விடும். அதனால் அது மரத்துக்குப் பக்கத்திலேயே, அன்றன்றைக்கே விலைபோக வேண்டிய பொருள். ஒயினைவிடவும் போதை குறைவு. உட்கார்ந்து, மீனோ கறியோ தொட்டுக்கொண்டு, மெதுவாகக் குடிப்பதற்குத் தோதானது. கேரளத்தில் இன்றும் கள்ளுக்கடை என்றால் மரவள்ளிக் கிழங்கும் மீன் கறியும் வாத்துக் கறியும்தான் நினைவுக்கு வரும். சாப்பிடுவதற்காகவே குடும்பத்தோடு போகிறவர்கள் உண்டு. தமிழ்நாட்டில் 1987 ஜனவரி 1 முதல் கள்ளுக்குத் தடை. அதோடு மரமேறியின் பிழைப்பு போயிற்று, அதைப் பலரும் எழுதிவிட்டார்கள். கள்ளை ஒட்டியிருந்த அடுப்பும் அணைந்தது. அதை யாரும் கணக்கில் வைக்கவில்லை.

குடித்துக் குடித்துக் குடும்பம் அழிவதைப் பார்த்த பெண்கள் இதைக் கேட்டால் கோபப்படுவார்கள். தட்டு வைத்துக் கொடுத்தால் குடி நல்லதாகிவிடுமா என்பார்கள். ஆகாது. முழு மதுவிலக்கு வேண்டும் என்பவர்களின் நியாயத்தை நான் மறுக்கவில்லை. அரசியல் சட்டத்தின் 47ஆவது பிரிவே அவர்கள் பக்கம்தான். ஆனால் அரசே கடை நடத்தும் மாநிலத்தில் மதுவிலக்கு என்பது இப்போது கள்ளுக்கும் சாராயத்துக்கும் மட்டும்தான். ஆகக் கடுமையானதை விற்றுக்கொண்டு ஆக இலேசானதைத் தடுப்பதில் எந்தப் பெண்ணுக்கு என்ன பாதுகாப்பு?

கலப்படம் என்ற ஆட்சேபணை இதைவிடக் கனமானது. கள்ளில் மருந்து கலந்தார்கள், கலப்பார்கள், உண்மை. தூரத்துக்குக் கொண்டுபோய் மொத்தமாக விற்கும்போதுதான் கலப்படத்துக்கு இடம் உண்டாகிறது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். இறக்கியவரே மரத்தடியில் விற்றால் யாருடைய கள் என்று ஊருக்கே தெரியும். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் அறுபதுக்கும் மேற்பட்டவர்களைக் கொன்றது மெத்தனால் கலந்த சாராயம். கள்ளுக்கான தடை அந்த உயிர்களைக் காக்கவில்லை.

வெனிஸிலும் குடிகாரர்கள் உண்டு. அது புண்ணிய பூமி என்று நான் சொல்லவில்லை. ஆனாலும் அந்த ஊர்க் கடைக்காரர் கிளாஸைச் சின்னதாக வைத்து, தட்டைப் பக்கத்தில் வைத்திருக்கிறார். அரசு மதுக்கடை நடத்தும்வரை அதே வழியில் இரண்டு காரியங்களை இங்கேயும் செய்யலாம்: சூடாகச் சமைத்த சாப்பாடு இல்லாத பாருக்கு உரிமம் தரக்கூடாது, தென்னையும் பனையும் இருக்கும் ஊர்களில், இறக்குகிறவர்களே சங்கம் வைத்து அன்றன்றைக்குக் கள் விற்க விட வேண்டும். இந்த வட்டாரத்து மக்கள் இதை அடுத்த கிராம சபையில் கேட்க வேண்டும்.