காஞ்சிரத்தின் மேல் ஒரு வாழை

மட்டாஞ்சேரியில் கொங்கணி பேசும் தெருக்கள் இன்றும் உள்ளன. பதினேழாம் நூற்றாண்டில் கொச்சியில் வாழ்ந்த கொங்கணி வைத்தியர்களான ரங்க பட்டர், விநாயக பண்டிதர், அப்பு பட்டர் ஆகிய மூவரும், சேர்த்தலையை அடுத்த கரப்புறத்து ஈழவ வைத்தியர் இட்டி அச்சுதனும் மலபாரின் டச்சு ஆட்சித் தலைவர் ஹென்ட்ரிக் வான் ரீடேவுக்குச் செடிகளைப் பெயர் சொல்லி அடையாளம் காட்டினர். அச்சுதனின் சான்றுரை 1675 ஏப்ரல் 20 அன்று கொச்சியில் எழுதப்பட்டது. அவ்வறிவிலிருந்து பிறந்த 'ஹோர்த்துஸ் மலபாரிக்குஸ்' 1678 முதல் 1693 வரை ஆம்ஸ்டர்டாமில் பன்னிரண்டு தொகுதிகளாக வெளிவந்தது. இறுதித் தொகுதியைக் காண ரீடே உயிருடன் இல்லை. 1691இல் கடற்பயணத்தின்போதே அவர் மறைந்தார்.

மரங்களில் தொற்றி வாழும் ஆர்க்கிடுகள் பல அவ்விறுதித் தொகுதியில்தான் இடம்பெற்றுள்ளன. அவற்றின் பெயர்கள் உற்றுநோக்கத்தக்கவை. ஒன்று அஞ்சிலி மரவாழ. மற்றொன்று காஞ்சிர மரவாழ. மரவாழ என்பது நம் மரவாழையே. அஞ்சிலி நாஞ்சில் நாட்டார் சொல்லும் அயினி. காஞ்சிரம் எட்டி மரத்திற்குத் தமிழிலும் வழங்கும் பழம்பெயர். செடி எந்த மரத்தின்மேல் காணப்பட்டதோ அந்த மரத்தையும் சேர்த்தே வைத்தியர்கள் பெயர் சொல்லியிருக்கின்றனர்.

1753இல் லின்னேயஸ் காஞ்சிர மரவாழைக்கு எபிடென்ட்ரம் அலோயிஃபோலியம் என்று பெயரிட்டார். கற்றாழை போன்ற இலையுடையது என்பது பின்பாதியின் பொருள். எபிடென்ட்ரம் என்றால் மரத்தின்மேல் இருப்பது. எந்த மரம் என்பது அதில் இல்லை. 1799இல் ஓலோஃப் ஸ்வார்ட்ஸ் அதனைச் சிம்பிடியம் பேரினத்திற்கு மாற்றினார். கிரேக்க மொழியில் படகைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்த பெயர் அது. ஆக, முதலில் காஞ்சிரம் போயிற்று, பிறகு மரமே போயிற்று, எஞ்சியது படகு. வகைப்பாட்டியலுக்கு இதனால் நட்டமில்லை. நட்டம் ஏற்பட்ட இடம் வேறு.

பெரும்பாலான பூக்களின் முதிர்ந்த மகரந்தப்பையை அசிட்டோகார்மைன் சாயத்தில் நசுக்கினால் மகரந்தத்தூள்கள் தனித்தனியே உதிர்ந்து பரவும். சிம்பிடியத்தில் அவ்வாறு நிகழ்வதில்லை. மஞ்சள் நிறத்தில் மெழுகுபோல் இறுகிய இரண்டு உருண்டைகள் வெளிவரும். ஊசியால் குத்தினாலும் எளிதில் பிரியா. இவையே மகரந்தத் திரள்கள், அதாவது பொலினியங்கள். முதன்முறை இதனைக் காணும் மாணவர், சாயத்தில் ஏதோ பிழை என்றே எண்ணுவார்.

பிழையன்று. குன்றல் பகுப்பின் தொடக்கத்தில் மகரந்தத் தாய்செல்கள் சைட்டோபிளாச வாய்க்கால்களால் ஒன்றோடொன்று இணைந்திருக்கின்றன. அதனால் அவை ஏறத்தாழ ஒரே காலத்தில் பகுப்படைகின்றன. பிற பூக்களில் கேலோஸ் சுவர் கரைந்ததும் நான்மைகள் பிரிந்து நான்கு தூள்களாகும். இங்கு நான்மைகளும் பிரிவதில்லை, அண்டை நான்மைகளை விட்டும் விலகுவதில்லை. எக்சைன் என்னும் தடித்த மேலுறை திரளின் வெளிப்புறத் தூள்களிலேயே நன்கு உருவாகிறது. உள்ளே இருப்பவற்றுக்கு அது மிகக் குறைவு. ஊர் முழுவதற்கும் ஒரே மதில் எழுப்பிவிட்டு, வீடுகளுக்குத் தனிச் சுவரைக் குறைத்துக்கொண்டது போன்ற அமைப்பு அது. பின்னர் ஒவ்வொரு தூளின் உட்கருவும் சமமற்றுப் பிரிய, பெரிய செல்லுக்குள் ஒரு சிறிய செல் அடங்கி நிற்கிறது. விந்துச் செல்கள் இரண்டும் பிறப்பது அதிலிருந்தே. (செல்லின் உட்கருவுக்கு நியூக்ளியஸ் என்ற பெயரை ராபர்ட் பிரவுன் 1831இல் சூட்டியதும் ஆர்க்கிடுகளை ஆராய்ந்த கட்டுரையில்தான். இக்குடும்பத்தின் கருவியலுக்குப் பெரும்பணி செய்த பி.ஜி.எல். சுவாமி சென்னை மாநிலக் கல்லூரியில் நெடுங்காலம் பேராசிரியராக இருந்தார்.)

ஏன் இந்தக் கட்டுமானம் என்ற வினாவுக்கு நுண்ணோக்கி மட்டும் விடை தராது. இச்செடியின் விதை தூசியளவே. முளைசூழ் தசை இல்லை. ஏற்ற பூஞ்சையுள்ள மரப்பட்டையில் விழுந்தாலொழிய முளைக்காது. எனவே ஒரு கனியில் எண்ணற்ற விதைகள் வேண்டும். அத்தனை சூல்களுக்கும் அத்தனை மகரந்தத்தூள்கள் ஒரே வருகையில் வந்து சேரவேண்டும். ஒரு பூ தன் மகரந்தம் முழுவதையும் ஒரு தேனீயின் முதுகில் ஏற்றி அனுப்புகிறது. மறுபக்கத்தில் சூலகமோ, மகரந்தம் சூல்முடியை அடைந்த பிறகுதான் சூல்களை முழுமையாக உருவாக்கத் தொடங்குகிறது. வராத விருந்தாளிக்கு அது உலை வைப்பதில்லை.

நிலத்தில் வளரும் ஆர்க்கிடுகளுக்கும் மகரந்தத் திரள் உண்டு. ஆகவே மரவாழ்வே இதனைத் தோற்றுவித்தது என்று சொல்லிவிட இயலாது. ஆயினும் இறுகிய, மெழுகுத் தன்மையுள்ள திரள்களும் மரவாழ்வும் பெரும்பாலும் ஒரே துணைக்குடும்பத்தில் சேர்ந்து காணப்படுவதை எளிதில் ஒதுக்கவும் முடியாது. ஒரு காஞ்சிரம் வெட்டப்பட்டால் அதிலிருந்த மரவாழை மட்டும் போவதில்லை. அடுத்த மரத்துப் பூவிலிருந்து புறப்படும் திரள் சென்று சேரவேண்டிய இடமும் போகிறது. தனித்தூளாக இருந்தால் சிலவாவது வேறெங்கோ ஒட்டும். திரளுக்கு அந்த வாய்ப்பு மிகக் குறைவு.

கே.எஸ். மணிலால் பல பத்தாண்டுகள் உழைத்து ஆங்கிலத்தில் தந்த 'ஹோர்த்துஸ்' 2003இல் கேரளப் பல்கலைக்கழக வெளியீடாக வந்தது. தாங்கு மரத்தைச் சேர்த்துச் சொன்ன அப்பெயர்கள் இன்று எவர் கைக்கும் எட்டும். மகரந்த ஆய்வின் கண்ணாடித் தகடுகளில் ஒட்டும் சீட்டில் இனம், நாள், சாயம், பகுப்பு நிலை ஆகியவற்றை எழுதுவது வழக்கம். பூ எந்த மரத்திலிருந்து பறிக்கப்பட்டது என்பதற்கும் அச்சீட்டில் ஒரு வரி ஒதுக்கலாம்.