தண்டவாளம் போன ஊர்

பெடாஸ்காரர்களான எங்களுக்கு மலாக்கா பக்கத்து ஊர்தான். ஆனாலும் வேலை எதுவும் இல்லாமல் அங்கே சுற்றியதாக எனக்கு நினைவில்லை. கல்யாணம், கோயில், ஆஸ்பத்திரி என்று போவோம், பொழுது சாய்வதற்குள் வந்துவிடுவோம். இந்த முறை ஒரு நாள் முழுக்க ஊர் தெரியாதவன் போலத் திரிவது என்று கிளம்பினேன்.

ரெம்பாவில் கம்யூட்டர் ரயில் ஏறினால் அடுத்த நிறுத்தமே கடைசி. பலகையில் புலாவ் செபாங், தம்பின் என்று இரண்டு பெயர். நிலையம் நிற்பது மலாக்கா மண்ணில், தம்பின் பட்டணமோ நெகிரி செம்பிலானில். வழியெல்லாம் செம்பனை. தாத்தா காலத்தில் பால்மரம்.

இங்கிருந்து மலாக்கா நகருக்கு 1905-இல் ஒரு கிளைப் பாதை போட்டார்கள். இருபது மைலுக்குச் சற்று மேல். போரின்போது ஜப்பான்காரன் அதைப் பெயர்த்தெடுத்துச் சயாம் ரயில் பாதைக்குக் கொண்டுபோனான். பிறகு யாரும் திரும்பப் போடவில்லை. பர்மா வரை 415 கிலோமீட்டர் போன அந்தப் பாதைக்குத் தோட்டத்து லயங்களிலிருந்து ஆட்களையும் அள்ளிக்கொண்டு போனார்கள். 1943 அக்டோபரில் வேலை முடிந்தது. போனவர்களில் பலர் வீடு திரும்பவில்லை. தாத்தாவின் அண்ணன் அதில் ஒருவர். எங்கள் வீட்டில் “சயாமுக்குப் போனவர்” என்றால் அவ்வளவுதான், மேற்கொண்டு பேச்சு இருக்காது.

ஆகவே மிச்ச வழிக்குப் பஸ்தான். அலோர் காஜா தாண்டும்போது பழைய மண்மேடு ஏதாவது தெரிகிறதா என்று ஜன்னலோரம் பார்த்துக்கொண்டே வந்தேன். செம்பனைதான் தெரிந்தது.

மலாக்காவில் ஆற்றோரமாக நடந்து பொற்கொல்லர் தெருவுக்குப் போனேன். மலாயில் ஜாலான் துக்காங் எமாஸ். 1748-இல் எழுந்த கம்போங் கிளிங் பள்ளிவாசல், 1781-இல் டச்சுக்காரர் கொடுத்த நிலத்தில் செட்டிகள் கட்டிய பொய்யாத விநாயகர் கோயில், கொஞ்சம் தள்ளிச் சீனர்களின் செங் ஹூன் தெங். மூன்றையும் பார்க்க ஒரு தே குடிக்கிற நேரம் போதும். நான் இரண்டு மணி நேரம் எடுத்துக்கொண்டேன். சிவப்புக் கட்டடங்களையும் போர்த்துகீசியர் விட்டுப்போன கோட்டை வாசலையும் படம் பிடிப்பவர்களுக்கே விட்டுவிட்டேன்.

காஜா பேராங்கில் செட்டிகளின் கம்பம். போர்த்துகீசியர் வருவதற்கு முன்பே குடியேறிய வணிகர்களின் வழிவந்தவர்கள். சைவ சமயம் இருக்கிறது, பேச்சில் தமிழ் போய்விட்டது. சாரோங் கெபாயா கட்டிய ஒரு பாட்டி வாசலில் உட்கார்ந்திருந்தார். நான் தமிழில் கேட்டேன், அவர் மலாயில் பதில் சொன்னார். பேச்சு போகிப் பண்டிகைக்கு வந்தது. அன்று வாழையிலையில் முன்னோருக்குச் சாப்பாடு படைப்பார்களாம். பார்ச்சு என்று பெயர்.

“இறந்த தேதி தெரியாதவர்களுக்கு?”

“தேதி எதற்கு? எல்லாரும்தான் வருவார்கள்,” என்றார்.

தம்பினுக்குத் திரும்பியபோது இருட்டிவிட்டது. அடுத்த கம்யூட்டருக்கு நாற்பது நிமிடம் இருந்தது. நடைமேடையில் உட்கார்ந்து, தை மாதத்துக்கு முந்தின நாள் எந்தக் கிழமை என்று கைபேசியில் பார்த்தேன்.