கோலாலம்பூர் டு சிங்கப்பூர்: விமானமா, பஸ்ஸா... எதில் சீக்கிரம் போகலாம்?

மலேசியா, சிங்கப்பூர் இரண்டையும் ஒரே சுற்றுலாவில் பார்க்கத் திட்டமிடும் குடும்பங்களில் தவறாமல் எழும் கேள்வி இது.

கோலாலம்பூர் சர்வதேச விமான நிலையத்துக்கும் சிங்கப்பூரின் சாங்கி விமான நிலையத்துக்கும் இடையே வான்வழித் தூரம் சுமார் 300 கிலோமீட்டர்தான். சென்னை - பெங்களூரு வான்வழித் தூரத்தைவிடக் கொஞ்சம்தான் அதிகம். உலகில் மிக அதிக விமானங்கள் பறக்கும் சர்வதேச வழித்தடங்களில் இதுவும் ஒன்று.

ஜெட் விமானம் மணிக்கு 800 கிலோமீட்டர் வேகத்தில் பறக்கக்கூடியது. அப்படிப் பார்த்தால் 25 நிமிடங்களுக்குள் போய்விட வேண்டும். ஆனால், டிக்கெட்டில் ஒரு மணி நேரத்துக்கும் மேல் போட்டிருக்கும். காரணம், விமானம் உயரே ஏறி முழு வேகத்தைத் தொட்டதுமே இறங்கத் தொடங்க வேண்டும். ஓடுபாதைக்கு ஊர்ந்து செல்வதும், இறங்கிய பிறகு வாசலுக்கு வந்து நிற்பதும் அந்த நேரத்தில்தான் சேரும். வானில் இருப்பது முக்கால் மணி நேரம்தான்!

சரி, ஹோட்டலிலிருந்து ஹோட்டலுக்கு எவ்வளவு நேரம்? கோலாலம்பூர் விமான நிலையம் நகருக்குள் இல்லை, செப்பாங்கில் இருக்கிறது. கே.எல். சென்ட்ரலிலிருந்து எக்ஸ்பிரஸ் ரயிலில் முதல் முனையத்துக்கு 28 நிமிடம். இரண்டு மணி நேரம் முன்பே போய்விட வேண்டும். சாங்கியில் குடிநுழைவு, பெட்டி, பிறகு நகருக்குள் பயணம். எல்லாம் கூட்டினால் ஐந்து மணி நேரம் ஆகிவிடும்.

பஸ்ஸில் சாலைத் தூரம் சுமார் 350 கிலோமீட்டர். எல்லையில் கூட்டம் இல்லாவிட்டால் ஐந்து, ஆறு மணி நேரம். ஆக, பெரிய வித்தியாசம் இல்லை. கட்டணமும் பெரும்பாலும் குறைவு. ஆனால், எல்லையில் இருமுறை இறங்கி ஏற வேண்டும். சிங்கப்பூருக்குள் நுழையும்போது பெட்டிகளையும் இறக்கிச் சோதனைக்குக் கொண்டுபோக வேண்டும். வார இறுதி, பள்ளி விடுமுறை, பண்டிகை நாள்களில் வரிசை நீண்டுவிடும். முழங்கால் வலி உள்ள தாத்தா பாட்டியும், கைக்குழந்தையும் உடன் வந்தால் இதை யோசிக்காமல் பஸ் டிக்கெட் போடக் கூடாது.

இந்த இரண்டு நகரங்களையும் 90 நிமிடங்களில் இணைக்க அதிவேக ரயில் விட 2016-ல் இரு நாடுகளும் ஒப்பந்தம் செய்தன. 2021 தொடக்கத்தில் அது ரத்தானது.

கிளம்பும் முன் இவற்றைக் கவனியுங்கள்:

* கோலாலம்பூரில் இரண்டு முனையங்கள் உள்ளன. உங்கள் விமானம் எதில் என்று டிக்கெட்டில் பாருங்கள்.

* சென்னையிலிருந்து சிங்கப்பூரில் இறங்கி, மலேசியா போய், மீண்டும் சிங்கப்பூர் வழியே திரும்புவதாக இருந்தால், விசாவில் மறுமுறை நுழைய அனுமதி இருக்கிறதா எனப் பாருங்கள்.

* இரு நாடுகளுக்கும் டிஜிட்டல் வருகை அட்டையை முன்கூட்டியே நிரப்ப வேண்டும்.

கைக்கடிகாரத்தை மட்டும் தொட வேண்டாம். இரண்டு ஊரிலும் ஒரே நேரம். இந்தியாவைவிட இரண்டரை மணி நேரம் முன்னால்!