ஆழியுள் ஆழி

மாணவர்களே! 'ஆழி' என்னும் சொல் ஆழமுடைய கடலையும் குறிக்கும். சுழலும் சக்கரத்தையும் குறிக்கும். பல்லாண்டுகள் வகுப்பில் இச்சொல்லுக்குப் பொருள் உரைத்து வந்த எனக்கு, அவ்விரு பொருளும் ஓரிடத்தே கூடக் காணும் வாய்ப்பு முதுமையிலேதான் கிட்டியது. கடலுக்குள் மாபெரும் நீர்ச்சக்கரங்கள் சுழல்கின்றன என்பதைக் கடல்நூல்களைப் பயின்று அறிந்தேன்.

நான் வாழும் அம்பத்தூரில் அலையோசை கேளாது. ஆயினும், 2023ஆம் ஆண்டு திசம்பரில் மிக்ஜாம் புயல் பொழிந்த மழையால் எங்கள் தொழிற்பேட்டையும் தெருக்களும் வெள்ளத்துள் ஆழ்ந்தன. ஆவடி, பூந்தமல்லி வட்டாரத்தாரும் அல்லலுற்றனர். புயலுக்கு உணவு யாது என்னும் வினா அன்று என் உள்ளத்தில் எழுந்தது. வெதுவெதுப்பான கடல்நீரே அவ்வுணவு. அதனின்று எழும் நீராவியே காற்றுக்கு வலிமையும் மழைக்கு முதலும் ஆகும்.

வங்கக் கடலில் நூறு, இருநூறு கிலோமீட்டர் அகன்ற நீர்ச்சுழிகள் தோன்றிப் பல வாரங்கள், சிலபோது பல திங்கள், நிலைத்திருக்கின்றன. நம் வடகோளத்தில் வலமாகச் சுழல்வது, மேல்நீரை நடுவே திரட்டிக் கீழே அமிழ்த்தும். வெப்பம் ஆழத்துட் புகுந்து தங்கும். இடமாகச் சுழல்வதோ, மேல்நீரைப் புறத்தே விலக்கும். அவ்விடத்தை நிரப்ப ஆழத்துக் குளிர்நீர் மேலெழும்.

புயற்காற்று கடலைக் கலக்குங்கால் அடிநீர் மேலே வரும். அது குளிர்ந்ததாயின் புயல் வலியிழக்கும். வெப்பச் சுழியின் மேலாயின், அடிநீரும் வெதுவெதுப்பாகவே இருத்தலின், புயல் மேலும் சீறும். 2008ஆம் ஆண்டு மே மாதத்தில் மியன்மாவில் ஓரிலக்கத்திற்கு மேற்பட்டோர் உயிரைக் கவர்ந்த நர்கீசுப் புயல், கரை சேருமுன் இத்தகைய வெப்பநீரின் மேல் வந்தே வலிமிக்கது என ஆய்வாளர் கண்டுள்ளனர்.

மேற்பரப்பின் வெப்பத்தை மட்டும் நோக்குவார்க்கு இவ்வேற்றுமை எளிதிற் புலப்படாது. வெப்பச் சுழியின் நடுவே கடல்மட்டம் ஒரு சாண் அளவே உயர்ந்திருக்கும். அச்சிற்றுயர்வையும் செயற்கைக்கோள்கள் விண்ணினின்று அளக்கின்றன. சென்னைப் பள்ளிக்கரணையிலுள்ள தேசியக் கடல்சார் தொழில்நுட்பக் கழகம் கடலில் மிதவைகளை நிறுத்தி, 500 மீட்டர் ஆழம் வரை நீரின் வெப்பத்தை அறிகின்றது.

அவ்வறிவால் புயலின் வலிமை ஒருநாள் முன்னதாகத் தெரியினும், தாழ்ந்த இடத்தில் வாழும் முதியோரையும் குழந்தைகளையும் மேட்டிடம் சேர்த்துக் காக்கலாம். 'ஆழம் அறியாமல் காலை விடாதே' என்பது நம் பழமொழி. கடலில் கால் வையாத நமக்கும் கடலின் ஆழத்தை அறிதல் வேண்டும் என்று இன்று அதற்குப் பொருள் விரிப்பேன்.