கூகை வரும் வரை

இரவில் ஆந்தை பார்க்க ஆசைப்பட்டு என்னோடு வருகிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதுதான்: ஆந்தையைத் தேடி அலையாதீர்கள். அது வரும் இடத்தைப் பகலிலேயே கண்டுவைத்து, பொழுது சாய்வதற்குள் போய் உட்கார்ந்துவிடுங்கள். எவ்வளவு பக்கத்தில் வருவது என்பதை அது முடிவு செய்யட்டும்.

காவிரி டெல்டாவில் இடம் கண்டுபிடிப்பது சிரமமில்லை. மொட்டைப் பனை, ஆற்றங்கரை மரப் பொந்து, ஆளில்லாத பழைய வீடு, கோபுரத்து மாடம் என்று எங்கே வெள்ளை எச்சம் வழிந்திருக்கிறதோ அங்கே குனிந்து தரையைப் பார்க்க வேண்டும். ஆந்தை இரையைப் பெரும்பாலும் முழுசாக விழுங்கும். செரிக்காத மயிரையும் எலும்பையும் உருண்டையாகக் கக்கிவிடும். வெள்ளை முக ஆந்தையான கூகையின் கக்கல் புதிதாக இருந்தால் கருப்பாக மினுமினுக்கும், நாளானால் சாம்பல் நிறமாகி உதிரும். தண்ணீரில் ஊறவைத்து ஊசியால் மெல்லப் பிரித்தால் மண்டையோடு, தாடை, விலா எலும்பு என ஒவ்வொன்றாக வெளியே வரும். முன்பல் நீண்டு ஆரஞ்சு நிறமாக இருந்தால் எலி. பொடிப் பொடியாக, கூராக, வெள்ளையாக இருந்தால் மூஞ்சூறு. பறவையைப் பார்க்கும் முன்பே அதன் சாப்பாட்டுக் கணக்கு நம் கைக்கு வந்துவிடும்.

உட்காருவதற்கும் முறை உண்டு. முதுகு மரத்தில் சாய்ந்திருக்க வேண்டும். வரப்பு மேட்டில் உட்கார்ந்தால் நம் உருவம் வானத்தை மறைத்துக் காட்டிக்கொடுத்துவிடும். சரசரக்கும் நைலான் சட்டை ஆகாது, பழைய பருத்திச் சட்டையே நல்லது. பாம்புக்காக முழங்கால் வரை பூட்ஸ். டார்ச்சுக்குச் சிவப்புக் கண்ணாடிக் காகிதம் கட்டி, வழி பார்க்க மட்டும் தரையில் அடிக்க வேண்டும். இருட்டுக்கு நம் கண் முழுசாகப் பழக அரைமணி நேரமாவது ஆகும். ஒரு தரம் செல்போனைத் திறந்தால் அத்தனையும் வீண்.

முதலில் வருவது புள்ளி ஆந்தை. வெளிச்சம் மிச்சமிருக்கும்போதே பொந்து வாயில் வந்து நின்று, மஞ்சள் கண்ணை விரித்து, தலையை மேலும் கீழும் பக்கவாட்டிலும் ஆட்டி நம்மை ஆராயும். ஆந்தையின் விழி குழிக்குள் உருளாது. அதனால்தான் தலையையே நகர்த்தி நகர்த்தி தூரத்தை அளக்கிறது. நாம் அசையாமல் இருந்தால் ஆட்டம் நிற்கும், இறகைக் கோதத் தொடங்கும். இனி நம்மால் அதற்குத் தொந்தரவில்லை என்று பொருள்.

கூகை அப்படி முன்னறிவிப்புத் தந்து வருவதில்லை. எனக்கு வாய்த்த மிக நெருக்கமான சந்திப்பில், தலைக்கு மேல் சில நட்சத்திரங்கள் மறைந்து மீண்டும் தெரிந்தன, அவ்வளவுதான். அத்தனை அருகில் இவ்வளவு பெரிய பறவை பறந்தும் காதில் ஒன்றும் விழவில்லை. அதன் சிறகின் முன்விளிம்பில் சீப்புப் பல் வரிசை இருக்கிறது. பின்விளிம்பில் மென்மையான குஞ்சம். காற்றின் இரைச்சலை இவை அடக்கிவிடுகின்றன. பத்தடி தள்ளி நட்டிருந்த தென்னை மட்டையில் அமர்ந்து, அந்த வெள்ளை முகத்தை வயல் பக்கம் திருப்பியது. அதன் காதுத் துளைகளில் ஒன்று சற்று மேலே, மற்றது சற்றுக் கீழே. இரண்டுக்கும் ஒலி வந்து சேரும் வேறுபாட்டை வைத்தே எலி இருக்குமிடத்தைக் கணித்துவிடும். திமிங்கிலப் பாட்டை உலகுக்குக் கேட்கவைத்த ரோஜர் பெய்ன், அதற்கு முன் கூகையை முழு இருட்டறையில் வைத்து, சருகில் ஓடும் எலியை அது சத்தத்தைக் கொண்டே பிடிப்பதைச் சோதித்துக் காட்டியவர். என் கண்ணெதிரே அன்று பயிருக்குள் பாய்ந்த கூகை, எழும்போது காலில் எலியோடு எழுந்தது.

இதன் அலறலைச் சாவோடு சேர்த்துப் பேசுவது ஊர் வழக்கம். ஆனால் நற்றிணையின் 83ஆம் பாட்டில் தோழி கூகையிடம், தலைவன் வரும் இரவில் குழறாமலிருந்தால் நெய்ச் சோற்றோடு சுட்ட எலியும் தருகிறோம் என்று வேண்டுகிறாள். அதற்குப் பிடித்த உணவு எதுவென்று அந்தப் புலவருக்குத் தெரிந்திருந்தது. ஊர் வாசல் மரத்தில் கூடவே குடியிருந்த பறவையைத் துரத்தாமல் பேசி இணங்கவைக்கும் அந்த மனம் நமக்கும் வேண்டும்.

கைப்பேசியில் குரலை ஒலிக்கவிட்டு ஆந்தையை வரவழைக்கிறவர்கள் உண்டு. எதிரி வந்ததாக நினைத்து, இரையையும் குஞ்சையும் விட்டு அது ஓடி வரும். அப்படிக் கிடைக்கும் படம் எனக்கு வேண்டாம். கூட்டருகே ஃபிளாஷ் அடிப்பதும் அப்படித்தான்.

வயல் வைத்திருப்பவர்களிடம் நான் கேட்பது மூன்று. பொந்துள்ள பட்ட மரத்தை விறகுக்காக வெட்டாதீர்கள். நட்ட வயலில் தென்னை மட்டையை அடிப்பக்கம் மேலே வரும்படி ஊன்றுங்கள். ஆந்தை அதில் அமர்ந்து எலி பிடிக்கும். புரோமாடியோலோன் போன்ற எலி மருந்தை வைக்காதீர்கள். விஷம் தின்ற எலி உடனே சாகாது; தள்ளாடிக்கொண்டு திரியும் அதைப் பிடிப்பது எளிது என்பதால் கூகைதான் முதலில் பிடிக்கும், விஷம் அதன் உடம்பிலும் ஏறும். இந்த மூன்றையும் செய்யும் வயலுக்கு ஆந்தை தானாக வரும்.