இரேச்சல் கார்சன் அம்மையார்

அறிவியலைப் பிழையின்றி எழுதினால் சுவை குன்றும் என்பர். சுவைபட எழுதினால் உண்மை பிறழும் என்பர். உண்மையும் சுவையும் ஒருங்கே அமைய எழுதிப் புகழ் பெற்றவர் அமெரிக்க நாட்டு இரேச்சல் கார்சன் அம்மையார்.

அவர் 1907 ஆம் ஆண்டு மே 27 ஆம் நாள் பென்சில்வேனியா மாநிலத்தில் ஸ்பிரிங்டேல் என்னும் சிற்றூரில் பிறந்தார். புள்ளினத்தையும் பூவினத்தையும் உற்று நோக்கும் பழக்கத்தை அன்னையே அவருக்கு ஊட்டினார். எழுத்தாளராக வேண்டும் என்னும் வேட்கையோடு கல்லூரி புகுந்த அவர், அங்கே உயிரியலில் உள்ளம் பறிகொடுத்தார். இலக்கியத்தை இழந்துவிட்டதாகவே அன்று எண்ணினார். உண்மையில், எழுதுவதற்கு உரிய பொருளைப் பெற்றார். 1932 இல் விலங்கியலில் முதுகலைப் பட்டம் பெற்றார்.

1935 இல் தந்தை மறைந்தார். குடும்பச் சுமை அவர் தோளில் ஏறியது. அரசின் மீன்வளத் துறைக்கு வானொலி உரைகள் எழுதினார். மறு ஆண்டே அத்துறையில் நிலையான பணி கிடைத்தது. பகலில் அலுவலும் இரவில் எழுத்துமாக ஆண்டுகள் கழிந்தன. 1941 இல் வெளிவந்த முதல் நூல் போர் ஆரவாரத்தில் கவனிப்பாரற்றுப் போயிற்று. அவரோ ஊக்கம் தளரவில்லை. பத்தாண்டுகளுக்குப் பின் வெளிவந்த ‘நம்மைச் சூழ்ந்த கடல்’ 86 வாரம் விற்பனைப் பட்டியலில் நின்றது. தேசிய நூற்பரிசும் பெற்றது. 1952 இல் பணி துறந்து முழுநேர எழுத்தாளரானார்.

1958 இல் தோழியார் ஒருவரின் மடல் வந்தது. கொசுவை ஒழிக்க வானூர்தியிலிருந்து தெளித்த டி.டி.டி. மருந்தால் பறவைகள் மடிந்தன என்பதே அதன் செய்தி. அம்மையார் நான்காண்டு ஆராய்ந்தார். எல்ம் மரங்களைக் காக்க மருந்து தெளித்தனர், உதிர்ந்த இலைகளை மண்புழு தின்றது, புழுவை ராபின் பறவை தின்றது, பறவை மாண்டது. இலையில் படிந்த நஞ்சு உயிருக்கு உயிர் தொடர்ந்து சென்ற வழியைச் சான்றுகளோடு விளக்கி, 1962 இல் ‘மௌன வசந்தம்’ என்னும் நூலை வெளியிட்டார்.

மருந்து விற்போர் சினந்து எழுந்தனர். அவரை இகழ்ந்தும் பேசினர். பூச்சிமருந்தே கூடாது என்று அவர் கூறினாரல்லர். நோய் பரப்பும் பூச்சிகளைத் தடுக்க வேண்டியதில்லை என்றும் கூறினாரல்லர். விளைவறியாது நஞ்சைக் கொட்டுதல் தகாது என்றே கூறினார். அக்காலத்தில் அவர் உடலைப் புற்றுநோய் அரித்துக்கொண்டிருந்தது. அதனை உலகறியச் சொல்லி இரக்கம் தேட அவர் விரும்பவில்லை. 1963 இல் குடியரசுத் தலைவரின் அறிவியல் குழு ஆராய்ந்து வெளியிட்ட அறிக்கை அவர் கருத்துக்கு வலிமை தந்தது. அவ்வாண்டே செனட் குழுவின் முன்னும் அமைதியாகச் சான்று பகர்ந்தார்.

1964 ஆம் ஆண்டு ஏப்ரல் 14 ஆம் நாள், 56 ஆம் வயதில், அவர் மறைந்தார். 1972 இல் அமெரிக்க அரசு பயிர்களுக்கு டி.டி.டி. தெளிப்பதைத் தடை செய்தது. அதனைக் காண அவர் இல்லை.

படையும் பணமும் அவரிடம் இருந்தில. ஐயமற ஆராய்ந்த உண்மையும், அதனை எவர்க்கும் விளங்க உரைக்கும் தெளிந்த நடையுமே இருந்தன. எழுதப் பழகும் இளைஞர்க்கு இவ்விரண்டினும் சிறந்த செல்வம் வேறில்லை.